காரின் கேம் டைமிங் மாற்றிவிட்டேன், மச்சான்

அப்ரார் மச்சான்,

இன்ஜினுக்குக் காற்று போகப் பெரிய இன்டேக் பைப் மாட்டியும் கார் இழுக்கவில்லை என்று நேற்று சாப்பிடாமலே படுத்துவிட்டீர்கள். வால்வு திறக்கும் நேரத்தையும், அதான் கேம் டைமிங்கையும், மாற்றணும் என்று நான் சொன்னதற்கு, "லேப்டாப்பத் தட்டுனா வண்டி ஓடிருமாக்கும்?" என்றீர்கள்.

காலையில் தட்டினேன். கூடுதல் காற்று வந்தால் வால்வும் சற்று முன்னதாகத் திறக்கணும், அவ்வளவுதான். செம்பூர் மேம்பாலத்தில் வண்டி சீறிக்கொண்டு ஏறியது. தனியாக உட்கார்ந்து கத்தியே விட்டேன்!

சயானில் உம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். சால்னா அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள். கார்க்காரர் மிக்கேல்ராஜ் சாயங்காலம் வருவார், ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பந்தயம். சாவி டிவி மேல்.

ஷைஸ்தா

பைப்பில் ஓர் இடத்திலும் காற்று கசியவில்லை. அந்தக் கைப்பக்குவம் உங்களுக்குத்தான் வரும். இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம் என்றே மிக்கேல்ராஜிடம் சொல்லுங்கள். என் பெயரை முதலில்!