உடனே வரவும்

கோபம் ஆறாத அண்ணனுக்கு,

பூட்டிக் கிடந்த நம் டாக்கீஸ் ஞாயிற்றுக்கிழமை மறுபடி திறக்கிறது! படம் ஓட்ட அல்ல. நாடகம், பறையாட்டம், பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு எல்லாவற்றுக்கும். ஆலங்குடியே அங்கேதான் கிடக்கிறது. மேடைக்குப் பலகை அடித்த ஆசாரி ஆத்மநாதன், "நூறு பேரு ஆடுனாலும் அசையாதுங்க" என்று அதன்மேல் ஏறிக் குதித்தே காட்டிவிட்டார்!

இடத்தைக் கல்யாண மண்டபத்துக்கு விற்கலாம் என்று நீ வந்து நின்ற அன்று, நான் வாசலில் கத்தியதை இங்கே எழுதப்போவதில்லை.

நேற்று ஆபரேட்டர் அறையைக் கூட்டும்போது, கரி பூசி ஊசியால் எழுதிய கண்ணாடி சிலைடு ஒன்று கிடைத்தது. அப்பாவின் கையெழுத்து. பரீட்சை நேரத்தில் நீ தரை டிக்கெட்டில் போய் ஒளிந்துகொள்வாயே, அப்போது பாதிப் படத்தில் திரையில் போடுவாரே, அதேதான்: "முதலாளி மகன் உடனே வெளியே வரவும்." கொட்டகையே சிரிக்கும். நீ தலையைச் சொறிந்துகொண்டே எழுந்து வருவாய்.

ஞாயிற்றுக்கிழமை திரையில் முதலில் அதைத்தான் போடப்போகிறோம். அன்று உன்னிடம் நான் கத்திய அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்து, மறுபடி கரி பூசி, என் கையாலேயே எழுதியிருக்கிறேன்:

"முதலாளி மகன் உடனே உள்ளே வரவும்."

வாசலில் காத்திருக்கும்,
உன் தங்கச்சி