நாவலூர் வீட்டு ரப்பர் செடி

பம்மல்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது,

கர்த்தர் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் ஆரம்பித்தால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன், முழுசாகப் படி.

ஆக்லாந்து போகும்போது உன் நாவலூர் ஃபிளாட் சாவியை அப்பா கையில் கொடுத்து, "செடிய மட்டும் பாத்துக்கோங்கப்பா, நாங்க திரும்பி வர்றப்ப பச்சையா இருக்கணும்" என்றாய். திரும்பி வர்றப்ப என்று நீ சொன்னதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். முட்டி வலியோடு வாரம் தவறாமல் பல்லாவரம் போய், துரைப்பாக்கத்தில் பஸ் மாறி நாவலூர் போய்வந்தார். ஆரம்பத்தில் பாசத்தில் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டார், இலை மஞ்சளானதும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினார், பீஸ் லில்லி துவண்டு செத்தது. வீடியோ காலில் நீ, "மண்ணு சதசதன்னு கெடக்கு, கொன்னுட்டீங்களேப்பா" என்று கத்தினாய். இலையைத் திருப்பிக் காட்டச் சொன்னாய், தொட்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னாய், அவர் கால் வீங்கியிருந்ததை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் கற்றுக்கொண்டார். ரப்பர் செடியைத் தொட்டியோடு கவிழ்த்து, பழுப்பாகி நாற்றமடித்த வேரையெல்லாம் வெட்டிவிட்டு, வெள்ளையாகக் கெட்டியாக இருந்ததை மட்டும் விட்டு, தேங்காய் நார்த்தூள் கலந்த புது மண்ணில் வைத்தார். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து உள்ளே காய்ந்திருந்தால்தான் தண்ணீர். இலைக்கு அடியில் பஞ்சு மாதிரி பூச்சி அப்பியபோது சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தார், வெளிச்சத்துப் பக்கமே சாய்கிறது என்று தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தார். ஒருநாள் செருப்பைக் கழற்றும்போதே, "பேபி, செவப்பா குருத்து வுட்டிருக்குடி, இனிமே பயமில்ல" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று.

போன செவ்வாய்க்கிழமை போனார், சாவி பூட்டில் நுழையவே இல்லை. பெல் அடித்ததும் ஒரு பெண் திறந்து, "யாரு வேணும் அங்கிள்? நாங்க ஒண்ணாந்தேதியே வாடகைக்கு வந்துட்டோமே, ஓனர் மேடம் சொல்லலையா?" என்றாளாம். கீழே வந்தால் செக்யூரிட்டி, "இன்னா சார், உங்களுக்கே தெரியாதா? செடிங்க குப்பை ரூமாண்ட கீது, வோணும்னா எத்துனு போங்க" என்றானாம். மணி பிளான்ட் மிதிபட்டுக் கூழாகிக் கிடந்தது. ரப்பர் செடியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து சேர்ந்தார், குருத்து ஒடிந்திருந்தது, வேட்டியெல்லாம் மண்.

வாடகைக்கு வந்த அந்தப் பெண் உன்னிடம் சொன்னாளோ என்னவோ, மறுநாள் உன் மெசேஜ் வந்தது. "சொன்னா அப்பா ஃபீல் பண்ணுவார்னுதான் சொல்லலம்மா, ஆன்லைன்ல புதுச் செடி ஆர்டர் பண்றேன்." பண்ணாதே. வீடு உன்னுடையது, வாடகைக்கு விடு, விற்றுவிடு, கேட்க நாங்கள் யார். ஆனால் புரோக்கருக்குச் சொல்லத் தெரிந்தவளுக்குப் பெற்றவரிடம் சொல்ல வாய் வரவில்லை, முன்பின் தெரியாதவர்கள் வாசலில் அவரை அசடு மாதிரி நிற்க வைத்துவிட்டாய். நான் உனக்குப் போன் போடப் போனால் பிடுங்கி வைத்துக்கொண்டு, "வேலை டென்ஷன்ல இருப்பா, வுடு" என்கிறார். உனக்காக என்னிடமே வக்கீல் வேலை பார்க்கிறார்.

நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், வெளிச்சம் ஏது. செடி இங்கே வந்ததிலிருந்து இலை கொட்டுகிறது. இடம் மாறினால் கொட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கிறார், உள்ளே பச்சை இருக்கிறதாம். சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போகிறவர் இப்போது எங்கேயும் போவதில்லை.

நீ தைராய்டு மாத்திரையை விடாதே, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. கோபத்தில் எழுதினாலும் ஜெபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன், கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. இன்றைக்கு சபையில் ஏசுதாசன் அண்ணன் உன்னை விசாரித்தார். அப்பா சட்டென்று, "கிறிஸ்மஸுக்கு வர்றா" என்று சொல்லிவிட்டார், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். வருகிறாயோ இல்லையோ, அதை நீயே அப்பாவிடம் சொல். இன்னொருவர் வாயால் அவர் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
பேபி லாசரஸ்