ஆய்வாளர் கணக்கில் நீ

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் ஸ்வெட்டரைத் துவைத்தேன். வேறு வழியில்லை. ஒரு வாரமாக அடைமழை. அலமாரிக்குள் அதன் கைப்பகுதியில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. பக்கெட்டில் முக்குவதற்கு முன் முகத்தில் வைத்துப் பார்த்தேன். நீலகிரித் தைலமும், அதற்கு அடியில் லேசாக ஆஸ்பத்திரி வாடையும் இன்னும் இருந்தன. அலசி முடித்தபோது சோப்பு வாசனை மட்டும்தான் மிச்சம். பால்கனிக் கொடியில் போட்டுவிட்டு ஈரக் கையோடு சிறிது நேரம் நின்றேன். கீழே தி. நகர் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் ஒரே நிறப் புடவையில், ஒரு குடைக்கு இரண்டு பேராக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சென்னையில் ஸ்வெட்டர் வாங்கிய ஒரே ஆள் நீதான் என்று கேலி செய்வேன். நம் அலுவலகத்து ஏசி அப்படி. அபிராமபுரத்தில் ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில், ஜன்னல் திறக்காத அந்தக் கூடத்தில், நாட்டில் எத்தனை பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று எண்ணுவதுதான் நம் வேலை. பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்கள், மருந்து கம்பெனிகள் என்று எல்லாருக்கும் ஆண்டுதோறும் படிவம் அனுப்பி, வராததைக் கேட்டு வாங்கி, வந்ததைச் சரிபார்த்து, மொத்தத்தைத் தலைநகருக்கு அனுப்புகிற வேலை. எனக்கு இது கிடைத்தபோது, பாத்திரக்கடை வைத்திருந்த என் அப்பா கேட்டார்: "விஞ்ஞானியள எண்ணுறதுக்கு ஒரு ஆபீஸா? அவுக என்ன தட்டா, டம்ளரா?" இதை உன்னிடம் சொன்ன நாளிலிருந்து, பெரிய பல்கலைக்கழகத்துக் கட்டு வந்தால் "அண்டா வந்துடுத்து" என்பாய். சின்னக் கல்லூரியென்றால் "ஸ்பூன்".

நாம் இருவரும் ஒரே மாதத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். நான் புள்ளியியல் படித்துவிட்டு நேராக வந்தேன். நீ சுற்றி வந்தாய். கடற்பாசியில் முனைவர் பட்டம். சாந்தோம் கரையில் விடிகாலையில் முழங்கால் தண்ணீரில் நின்று பாசி சுரண்டியவள். திருமணமாகி மயிலாப்பூருக்கு வந்த சில வருடங்களில் மாமியார் படுத்த படுக்கையானார். ஆராய்ச்சியை விட்டாய். அவர் போனபின் திரும்பிப் போகலாமென்று கேட்டபோது, இடைவெளி அதிகம் என்று ஒவ்வொரு இடத்திலும் சொன்னார்கள். "எண்ணப்படற ஜாதியிலேர்ந்து எண்ணற ஜாதிக்கு வந்துட்டேன்டி" என்று முதல் நாளே சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அதைச் சொல்லிவிட்டு ஸ்வெட்டர் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாய்.

உன்னளவுக்குப் போன் பேச நம் அலுவலகத்தில் யாருக்கும் வராது. ஒரு கம்பெனி தன் ஆராய்ச்சிப் பிரிவைப் பெரிதாகக் காட்ட வேன் டிரைவர்களையும் ஆய்வாளர் கட்டத்தில் சேர்த்து அனுப்பியிருந்தது. "உங்க டிரைவர் என்ன சார் ஆராய்ச்சி பண்றார்?" என்று கேட்டாய். அந்தப்பக்கம் ஆள் யோசித்து, "ரூட்டு மேடம்" என்றார். கூடமே சிரித்தது. நீ மட்டும் குரல் மாறாமல், "கண்டுபிடிச்சுட்டாரா? அப்போ வேற கட்டத்துக்கு மாத்திடலாமா?" என்றாய்.

இன்னொரு போன் எனக்கு அதைவிட நன்றாக நினைவிருக்கிறது. நம் படிவத்தில் ஒவ்வொரு ஆய்வாளரும் இரண்டு இடத்தில் வருவார். கணக்கு ஆண்டின் கடைசி நாளான மார்ச் முப்பத்தொன்றில் அவர் வேலையில் இருந்தாரா என்பது ஒரு கட்டம். அதில் ஒன்று அல்லது சைபர். அந்த ஆண்டில் அவருடைய உழைப்பில் எவ்வளவு ஆராய்ச்சிக்குப் போனது என்பது அடுத்த கட்டம். முழு நேரமும் ஆராய்ச்சியென்றால் ஒன்று. மீதி நேரம் பாடம் எடுக்கிற பேராசிரியருக்குப் பத்தில் மூன்று, பத்தில் நான்கு. ஒரு மருந்து கம்பெனியில் பிரசவ விடுப்பிலிருந்த பெண்ணுக்கு இரண்டாவது கட்டத்தில் சைபர் போட்டிருந்தார்கள்.

"லீவுல இருந்தாங்க மேடம்."

"லீவுல இருந்தாளா சரி. அந்த வருஷம் அவ பேர்ல ரிப்போர்ட் போச்சோ?"

"போச்சு மேடம். வீட்லேர்ந்து அனுப்புனாங்க."

"அப்போ அதை யார் எழுதினா? லீவ் லெட்டரா எழுதித்து?"

அவர் சிரித்துவிட்டார். அவளுடைய மேலாளரைக் கேட்டு, அன்று மாலையே பத்தில் ஐந்து என்று மாற்றி அனுப்பினார். போனை வைத்துவிட்டு நீ உடனே அடுத்த எண்ணை அழுத்தவில்லை. டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டே, "ஒருத்தி போயிட்டா நம்ம டேபிள்ல ஓட்டை கூட விழறதில்லைடி. தண்ணி மாதிரி மூடிக்கறது" என்றாய். ஒவ்வொரு வருடமும் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி கூட்டச் சொல்லி எழுதுவாய்: போன வருடம் இருந்து இந்த வருடம் இல்லாதவர் எங்கே போனார்? மற்ற நாடுகளின் படிவத்தில் அது இல்லை, ஒப்பிட முடியாமல் போகும் என்று ஒவ்வொரு வருடமும் பதில் வரும். படிவத்தில் வராத கேள்வியை நீ போனில் கேட்டாய். உன்னைப் பார்த்து நானும் கேட்கத் தொடங்கினேன். இன்றும் கேட்கிறேன். கல்யாணமாகி வெளிநாடு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பணம் நின்றுவிட்டது, தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அதிகம்.

பிறகு, இடைவெளி விட்ட பெண்கள் ஆராய்ச்சிக்குத் திரும்ப ஓர் உதவித்தொகை உனக்குக் கிடைத்தது. அடையாறில் இருக்கும் நிறுவனம். கடிதம் வந்த அன்று என்னை லஸ் முனைக்கு இழுத்துக்கொண்டு போய், ரப்பர் பூட்ஸ் எங்கே கிடைக்கும் என்று கடை கடையாகக் கேட்டாய். செருப்புக்கடைக்காரர் உன் பட்டுப் புடவையைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா, தோட்டக்காரருக்கா?" என்றார். "எனக்குத்தான் நைனா. கடல்ல எறங்கணும்" என்றாய்.

அந்த ஆண்டுக் கணக்கு முடிந்த மாலையில் நீ நம் அலுவலகத்துக்கு வந்தாய். அச்சுக்குப் போகும் முன்னிருந்த அட்டவணையை என் திரையில் திறக்கச் சொன்னாய். நாடு முழுவதற்குமான ஆய்வாளர் எண்ணிக்கை, நீளமான எண். நீ குனிந்து, கடைசி இலக்கத்தின் மேல் விரலை வைத்து, "இது நான்" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. விரலை எடுக்கவும் இல்லை.

அதன்பின் நடந்ததை உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. நோய் தெரிந்தது, மருந்து ஏற்றத் தொடங்கினார்கள், அடுத்த சித்திரை வந்தது, போனது. மார்கழியில் ஒரு கச்சேரிக்காவது கூட்டிப்போ என்றாய். முடியவில்லை. தை பிறந்து சில நாட்களில் நீ போனாய்.

காலையில் ஸ்வெட்டரை உலர்த்திவிட்டு அலுவலகம் போனேன். உன் நிறுவனத்தின் படிவம் வந்திருந்தது. போன வருடத்தில் என்னென்ன எண்களோ, அதே எண்கள். நமக்குத் தெரியாததா? பாதிப் பேர் பழைய படிவத்தையே எடுத்து, வருடத்தை மட்டும் மாற்றி அனுப்புவார்கள். 'பழைய சோறு' என்பாய் நீ. அந்தப் பழைய சோற்றில் நீயும் இருந்தாய். ஆண்டின் கடைசி நாளில் உயிரோடு, வேலையில். முதல் கட்டத்திலும் ஒன்று, இரண்டாவது கட்டத்திலும் ஒன்று.

அப்படியே விட்டால் யாருக்கும் தெரியாது. போனை எடுத்தேன்.

"அனுப்ச்சிட்டோமே மேடம்" என்றார் அந்த நிறுவனத்து அலுவலர், இளம் குரல்.

"வந்துச்சு சார். போன வருஷத்து எண்ணிக்கையே இருக்கு."

"ஆமா மேடம், பெருசா ஒண்ணும் மாறல. அதான் அப்டியே போட்டேன்."

"ஒருத்தர் இல்ல சார்."

"யாரு மேடம்?"

உன் பெயரைச் சொன்னேன். அலுவலகத் தொலைபேசியில் உன் பெயரை அப்படிச் சொல்வேன் என்று நினைத்ததே இல்லை.

"ஓ, பாசி மேடமா. ஆமால்ல. நான் இந்த சீட்டுக்கு வந்தே கொஞ்ச நாள்தான் ஆவுது. சாரி மேடம். நீங்களே ஒண்ணு கொறச்சிடுங்களேன், நான் மெயில் போட்டுடறேன்."

"உழைப்புக் கட்டம்?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்." தட்டச்சு ஓசை கேட்டது. "வருஷம் பூரா மெடிக்கல் லீவுன்னு கீது மேடம். அதுலயும் சைபர் போட்டுக்கங்க."

முதல் சைபரை நான் எதிர்பார்த்திருந்தேன். அது உண்மை. இரண்டாவதை என்னால் எழுத முடியவில்லை.

ஏனென்றால் அந்த வருடம் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மருந்து ஏற்றும் அறையில் நீ, ஏசிக்கு இந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் ஊசி, மடியில் லேப்டாப். "மேடம், கைய ஆட்டாதீங்க, ஊசி நழுவிடும்" என்று நர்ஸ் வந்து வந்து சொல்லுவார். "நீ கையப் பாத்துக்கோம்மா, நான் கிராஃபப் பாத்துக்கறேன்" என்பாய். உன் ஆய்வு மாணவியோடு போனில் சண்டை: "மூணாவது படத்துல கோடு ஏன் அங்க எகிறித்து? தண்ணி எடுத்த நேரத்தைப் பாரு. நன்னா பாரு." வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து, மறுபடி அதே வாக்கியத்திலிருந்து தொடர்வாய். உடம்பு கொஞ்சம் தெளிந்த வாரங்களில் ஆட்டோ பிடித்து அடையாறு போய், உட்கார்ந்தபடியே மைக்ராஸ்கோப் பார்த்தாய். போகிற நாளில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. விடுப்பில் இருப்பவர் கையெழுத்துப் போடக் கூடாதாம். கட்டுரை ஏற்கப்பட்ட மின்னஞ்சல் மழைக்காலத்தில் வந்தது. இரண்டு முறை படித்தாய். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கினாய். அவ்வளவு நிம்மதியான தூக்கத்தை அந்த வருடம் உன் முகத்தில் நான் வேறு எப்போதும் பார்க்கவில்லை.

மதியம் துணை இயக்குநரிடம் போனேன். நல்ல மனிதர்தான், உனக்குத் தெரியும். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா நிறுவனம் என்ன சொல்லுதோ அதத்தான் நாம போட முடியும். தவிர, அச்சுல வர்றப்போ நூறுக்கு ரவுண்ட் பண்ணிடுவோம். இவ்வளவு சின்ன எண்ணு அதுல தெரியவே தெரியாது."

"தெரியாதுதான் சார்."

"பின்ன எதுக்கு மனசக் கஷ்டப்படுத்திக்கிறீங்க? திங்கக்கிழமை கணக்கை மூடணும். முடிச்சுடுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நம் கையேட்டில் 'செய்த வேலை' என்றுதான் இருக்கிறது, 'பதிவான வருகை' என்று இல்லை. அதை அவருக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை. பேசினால் அழுதுவிடுவேன்.

இருக்கைக்கு வந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து உன் வருடத்தைக் கணக்குப் போட்டேன். தெளிவான வாரங்கள், வார்டு மதியங்கள், மாணவியின் போன்கள். கூட்டக் கூட்ட எனக்கு ஆசை ஏறிக்கொண்டே போனது. பத்தில் ஐந்து வரை போனேன். அதை நீ பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டாய். "பாசத்தையெல்லாம் தசமத்துல போடாதே" என்றிருப்பாய். மறுபடி குறைத்தேன். படுத்தே கிடந்த வாரங்களைக் கழித்தேன். நீ படித்ததாக நான் நினைத்து, உண்மையில் வெறுமனே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரங்களைக் கழித்தேன். அவற்றைக் கழிப்பதுதான் கடினமாக இருந்தது. உன்னை மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போவதுபோல.

இப்போது வீட்டில், விளக்கு வைக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன். மழை விட்டிருக்கிறது. என் மகள் உள்ளே படித்துக்கொண்டிருக்கிறாள். என்னம்மா யோசிக்கிறே என்று கேட்டாள். ஆபீஸ் வேலை என்றேன்.

நாளை சனிக்கிழமை. காலையில் அடையாறு போகப் போகிறேன். உன் ஆய்வகத் தலைவரையும் அந்த மாணவியையும் பார்த்து, அந்த வருடம் நீ செய்ததை எழுதித் தரச் சொல்லப் போகிறேன். விடுப்பு என்று பதிந்த வருடத்தில் வேலை நடந்ததென்று எழுதிக் கொடுக்க அவர் தயங்கலாம். தராவிட்டாலும், திங்கட்கிழமை முதல் கட்டத்தில் நானே சைபர் போடுவேன். இரண்டாவது கட்டத்தில் பத்தில் மூன்று. தகவல் தந்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, இவர் என் தோழி, நான் உடனிருந்து பார்த்தேன் என்றும் எழுதிக் கையெழுத்திடுவேன். நம் அலுவலகத்தில் யாரும் அப்படி எழுதியதில்லை. துணை இயக்குநர் அதை அடிக்கலாம், என்னை இந்த வேலையிலிருந்தே மாற்றலாம். அடித்தாலும், அடித்த கோட்டுக்குக் கீழே அந்த எண் என்னவென்று தெரியும்.