பாட்டு முடிஞ்ச பிறகு மூணு நொடி

என் வாலுப் பையனுக்கு அம்மா எழுதுறது. இங்கே எல்லாரும் சுகம், அப்பாவோட முழங்காலைத் தவிர. நீ சுகம்னு நீயே சொல்லிக்கிற, அதை நான் பாதிதான் நம்புறேன். போன்ல கேட்டா சிக்னல் இல்லைன்னு நழுவிடுவே, அதான் கடுதாசி.

உன் புதுப் பாட்டை அக்கா அனுப்பினா. பாதி தமிழ், பாதி ஜப்பான் பாஷை, முழுசும் காதல். அப்பா அதைப் பேட்டரிக் கடையில அலறவிட்டு, வர்றவங்ககிட்ட எல்லாம் என் பையன் பாடினதுன்னு பீத்திக்கிறார், ஒரு வரி புரியாம தலையை வேற ஆட்டுறார். அந்த பாஷையை மொபைல்ல ஆப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னு சொன்னியே, யார் காதுல பூ சுத்துற? ஒரு செய்யுளை மனப்பாடம் பண்ண மூணு நாள் அழுதவன் நீ. அந்த ஜப்பான் வரி வந்தா மட்டும் உன் குரல் அப்படிக் கொஞ்சுதே, எந்த ஆப்டா கொஞ்சச் சொல்லிக்குடுக்குது?

ஆஸ்பத்திரியில பிறந்த குழந்தைகளுக்குக் காது கேக்குதான்னு பார்க்கிறதுதான் பதினெட்டு வருஷமா என் வேலை, அது உனக்கு மறந்துபோச்சு போல. சோதனை ரூம் கதவைச் சாத்திட்டு ஹெட்போன் மாட்டி நாலு தடவை கேட்டேன். ரெண்டாவது சரணத்துல உன் பின்னாடி ஒரு பொண்ணு மெதுவா கூடவே பாடுறா. போட்டிருக்கிறது உன் பேர் மட்டும். சம்பளத்துக்குப் பாட வந்தவன்னு சொல்லிடாதே, நீ தடுமாறின இடத்துல அவ சிரிக்கிறா, நீயும் அந்தச் சிரிப்பை வெட்டாம விட்டிருக்கே. அதுவரைக்கும் சந்தேகம்தான். பாட்டு முடிஞ்சு மூணு நொடி சும்மா ஓடுது பாரு, அங்கே ஒரு விக்கல். அப்புறம் இன்னொண்ணு. தினம் பத்துக் கைக்குழந்தையைத் தூக்குறவளுக்கு அது யார் விக்கல்னு தெரியாதா? சொல்லாம கல்யாணம் பண்ணா வாசப்படி ஏறாதேன்னு அப்பா அன்னிக்குக் கத்தினாரே, அதுக்குப் பயந்தா மறைச்சே? என்கிட்ட கூடவா? நேர்ல வா, முதுகுல ரெண்டு வச்சாத்தான் என் மனசு ஆறும்.

அப்பாவையும் கேக்க வச்சேன். இப்போ கடையில பாட்டு முடியப்போற நேரம் எல்லாரையும் உஸ்ஸுன்னு அடக்கிட்டு ஸ்பீக்கர்ல காதை வச்சுக்கிறார்.

மூணு பேரும் நல்லா இருங்க. ஒண்ணு மட்டும் தள்ளிப்போடாதே, பிறந்து ஒரு மாசத்துக்குள்ள காது பார்த்துடணும், பால் குடிச்சுத் தூங்குறப்போ பார்க்கச் சொல்லு. நல்லா கேக்குதுன்னு தெரிஞ்சதும் எனக்கு எழுது, தாத்தா குரலைப் பதிஞ்சு அனுப்புறேன். அந்த ஜப்பான் வரியைத் தப்புத்தப்பா பழகிட்டிருக்கார்.

உன் அம்மா