யாழினிக்கு ஓர் இடம் தேடிய கதை

என் கலா அக்காவுக்கு,

உன் முதல் வருடத் திதி போன வாரம் முடிந்தது. பெரியம்மா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து, யாரையும் அடுப்பு பக்கம் விடாமல் தானே சமைத்தாள். உனக்குப் பிடித்த கத்திரிக்காய்க் காரக்குழம்பு. காரம் தாங்காமல் மூக்கு ஒழுகியபோதும் உன் பெண், "இன்னும் ஊத்து" என்றாள். பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

விசாரிக்கிறவர்களிடமெல்லாம் "நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். உன்னிடம் அப்படி முடிக்க மனசு வரவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ. யாழினியை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்ல உனக்கு நேரம் எங்கே கிடைத்தது? ஆட்டோவில் ஏறும்போது கடைசியாக என்னிடம் சொன்னது, "கொடியில துணி காயுது, மழை வந்தா எடுத்துடுடா" என்பதுதான்.

காரியத்துக்கு மாமா வந்திருந்தார். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே உன்னை விட்டுவிட்டுப் பெங்களூருக்குப் போனவர், அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டவர். யாழினியின் தலையைத் தடவிக் கொடுத்தார். பெற்ற அப்பாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "என்னால முடியாதுடா ஏழுமலை. அங்க சூழ்நிலை சரியில்ல" என்று சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டார். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

அப்புறம் வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். என் வேலைதான் உனக்குத் தெரியுமே. செங்கம் ரோட்டு பேக்கரியில், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் காலையில் வந்து உட்காருவதற்குள் ரொட்டி வெந்து ஆறியிருக்க வேண்டும். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்ட வேண்டும். சில நாள் அவளையும் கூட்டிப்போய் மாவு மூட்டைமேல் உட்கார வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் சூடான தட்டைப் பிடிக்கக் கை நீட்டிவிட்டாள். எட்டிப் பிடித்துவிட்டேன். ஆனால் முதலாளி வெலவெலத்துப் போனார். "தப்பா எடுத்துக்காத ஏழுமலை. புள்ளைய இங்க வெச்சுக்காத" என்றார். அவர் சொன்னது சரிதானே, அக்கா?

காலை நேரப் பொறுப்பைப் பர்வீன் அக்கா ஏற்றுக்கொண்டார். உன்னோடு தையல் கம்பெனியில் பக்கத்து மிஷினில் இருந்தாரே, அந்தத் தைரியத்தில் போய்க் கேட்டேன். முழுசாகக் கேட்டு முடிப்பதற்குள், "தூங்குற புள்ளைய அப்படியே தூக்கிட்டு வந்து என் பொண்ணுங்க பக்கத்துல போட்டுட்டுப் போ தம்பி. இதுக்கு இன்னா இவ்ளோ தயங்குற?" என்றார். ஆனால் அவரும் கம்பெனிக்குக் கிளம்ப வேண்டும். அவர் கிளம்பிய பிறகு, நான் வேலை முடிந்து வரும்வரை?

டவுனில் ஒரு காப்பகம் இருப்பதாகச் சொன்னார்கள். யாழினியைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "புள்ளையோட அம்மா வரலையா? இது வேலைக்குப் போற தாய்மாருங்களுக்கான காப்பகம்பா" என்றார்.

"தாய் இல்லைங்க. அதனாலதாங்க வந்தேன்."

அவருக்கும் சங்கடமாகிவிட்டது. "ரூல் அப்படி இருக்குப்பா, நான் இன்னா பண்றது" என்றார். பிள்ளைகள் உள்ளே கைதட்டி ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். யாழினி என் தோளிலிருந்து இறங்கி உள்ளே போகத் துள்ளினாள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பெரியம்மா அந்தச் சமயத்தில்தான் யாழினியைப் பிள்ளைகள் ஹோமில் விடுகிற பேச்சை எடுத்தாள். அவளை நீ தப்பாக நினைக்காதே. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள், வந்த இடமெல்லாம் குழந்தை விஷயம் கேட்டதும் பின்வாங்கிப் போனது. "பொம்பளப் புள்ளடா. கல்யாணம் ஆகாத ஆம்பள நீ எப்படி வளப்ப? ஊரு சும்மா இருக்குமா? ஹோம்ல விட்டா சோறு, படிப்பு எல்லாம் பாத்துப்பாங்க. நாம மாசா மாசம் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள். ராத்திரி எல்லாம் அழுதிருக்கிறாள் என்பது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

சரி என்று ஒரு ஹோமைப் போய்ப் பார்த்தோம். குறை சொல்ல அங்கே ஒன்றுமில்லை. சுத்தமான இடம், அன்பாகப் பேசுகிற வார்டன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது யாழினி வாசலுக்குப் போனாள். மற்ற பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாக இருந்தன. தன் செருப்பைக் கழற்றி, அந்த வரிசையின் கடைசியில் நேராக வைத்துவிட்டு, போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை.

இவள் பழகிவிடுவாள் என்று அப்போது புரிந்தது. எங்கே விட்டாலும் அடம் பிடிக்காமல் பழகிவிடுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டினேன். "வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். பெரியம்மா பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

வழி காட்டியது நம் தெரு முனையிலிருக்கும் அங்கன்வாடி டீச்சர். நீ சத்துமாவு வாங்கி வருவாயே, அதே இடம். பகலில் பிள்ளையை அங்கே விடலாம் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லையோ! மாவு கொடுக்கிற இடம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவரே தெருவில் நிறுத்தி, "கலா பொண்ணுதானே? எங்கப்பா கூட்டிக்கினு அலையுற? இங்க கொண்டாந்து விடு. மத்தியானம் சோறு முட்டை போட்டு, தூங்க வெச்சு அனுப்புறேன்" என்றார்.

அதோடு விடவில்லை. "சும்மா வெச்சுக்கினு இருக்காத. அப்பன்காரன் உயிரோட இருக்கான். நாளைக்கு ஸ்கூல்ல சேக்கணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும், நீ யாருன்னு கேட்டா இன்னா சொல்வ? கலெக்டர் ஆபீஸ்ல குழந்தைகள் பாதுகாப்பு அலகுன்னு இருக்கு. போய்ச் சொல்லு."

கவர்ன்மென்டில் போய்ச் சொன்னால், கல்யாணமாகாதவன் கையில் பெண் குழந்தையா என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டால்? பல நாள் அந்த வாசல்வரை போய்த் திரும்பினேன். கடைசியில் பர்வீன் அக்கா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். "நீ வாயத் திறக்கலன்னா நான் பேசுறேன், நட" என்றார்.

அங்கிருந்த மேடம் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிடுங்குவதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "சொந்தக்காரங்ககிட்ட வளர வழி இருக்கான்னுதாங்க முதல்ல பார்ப்போம். ஹோம் கடைசி வழி" என்றார். இந்த ஒரு வார்த்தையை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா, அக்கா? பிறகு வீட்டுக்கு வந்து பார்த்தார். தெருவில் விசாரித்தார். மாமாவுக்குப் போன் போட்டுப் பேசினார். பிறகு, குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழு முன்னால் வரச் சொன்னார்கள்.

பெரியம்மாவும் வந்தாள். "ஹோம்தான் நல்லதுன்னு நான் சொல்லத்தான் போறேன்" என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான் வந்தாள்.

குழுவில் இருந்தவர்கள் மெதுவாகத்தான் கேட்டார்கள். காலையில் யார் பார்ப்பது, காய்ச்சல் வந்தால் எங்கே போவீர்கள், எதைக் கண்டு பயப்படுவாள். எல்லாவற்றுக்கும் சொன்னேன். மிக்ஸி சத்தத்துக்குப் பயப்படுவாள் என்றேன். சிரித்தார்கள். அப்புறம் நடுவில் இருந்த அம்மா கேட்டார்: "இப்போ சின்னக் குழந்தை. நாளைக்குப் பெரிய பொண்ணா ஆவா. அப்போ ஒரு ஆம்பளைகிட்டச் சொல்ல முடியாத விஷயமெல்லாம் வரும். அப்போ என்ன பண்ணுவீங்க தம்பி?"

பர்வீன் அக்காவின் பெயரைச் சொல்லலாமா, அது நியாயமா என்று தடுமாறினேன். யாழினி என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. "நான் எதுக்கு இருக்கேன்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். "கீழ்பென்னாத்தூருக்கும் இந்த ஊருக்கும் பஸ் இல்லையா? தாயில்லாம வளர்ந்த இவன் அக்கா வயசுக்கு வந்தப்ப, எல்லாம் செஞ்சது யாரு? நான்தான். இவளுக்கும் நானே செய்யறேன். எழுதிக்கோங்கம்மா, என் பேரையும் சேத்து எழுதிக்கோங்க."

அவள் பேரையும் எழுதிக்கொண்டார்கள். யாழினி என்னிடமே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வப்போது வந்து பார்ப்பார்கள், படிப்புக்கு உதவியும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். வெளியே வந்ததும், "ஹோம்னு சொல்லப்போறேன்னியே பெரியம்மா?" என்றேன். "போடா. அந்தம்மா கேட்டதும் நீ முழிச்ச முழி இருக்கே, பாக்க முடியல" என்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தையோடு பேச ஒரு ஆலோசகர் வருவார் என்றார்கள். இளம் பெண். யாழினியோடு களிமண்ணில் இட்லி சுட்டு விளையாடிவிட்டு, கிளம்பும்போது என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க அழுதீங்களா?" என்று கேட்டார். எதுக்கு என்றேன். "அக்கா போனதுக்கு" என்றார். அப்போதுதான் உறைத்தது, எனக்கு அழ நேரமே இருந்ததில்லை. அந்தப் பெண் எதிரில், பட்டப்பகலில், வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். யாழினி வந்து என் முதுகில் ஏறிக்கொண்டாள்.

இப்போது எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. காலையில் பர்வீன் அக்கா வீடு, பிறகு அங்கன்வாடி, நான் வந்ததும் வீடு. பௌர்ணமி என்றால் கடையில் வேலை ஜாஸ்தி, கிரிவலக் கூட்டத்தில் தெருவைத் தாண்டவே முடியாது. அதனால் பெரியம்மா முந்தின நாளே பையோடு வந்து இறங்கிவிடுகிறாள். யாழினிக்கு எண்ணெய் தேய்த்து, சடை பின்னி, என்னையும் திட்டிவிட்டுப் போகிறாள். எனக்குப் பெண் பார்ப்பதை அவள் விடவில்லை. ஆனால் இப்போது போகிற இடத்தில் முதலில் குழந்தையைப் பற்றித்தான் பேசுகிறாளாம். அதைக் கேட்டும் எழுந்து போகாத வீடு ஒன்று இருப்பதாகச் சொல்கிறாள். பார்ப்போம்.

போன மாதம் யாழினி முதல்முறையாகக் கேட்டாள், "எனக்கு அம்மா எங்க மாமா?" என்று. ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லவில்லை. மறைக்காமல் சொல்லுங்கள் என்று அந்த ஆலோசகர் சொல்லியிருந்தார். "அம்மா செத்துட்டாங்கடா கண்ணு. உன்ன விட்டுப் போக அவங்களுக்கு இஷ்டமே இல்ல" என்றேன். "அம்மா பேரு இன்னா?" என்றாள். "கலா" என்றேன். அன்று முழுக்கத் தன் பாட்டுக்குச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அக்கா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இவளுக்கு அம்மாவாக ஆகிவிட நான் ஒருநாளும் பார்க்க மாட்டேன். சோறு ஊட்டுவேன், தலை சீவுவேன், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எல்லாவற்றையும் மாமாவாக இருந்தே செய்வேன். அம்மா என்றால் அவளுக்கு நீதான். அந்தப் பெயர் உன்னுடையதாகவே இருக்கும்.

உன் தம்பியும்
உன் மகளுக்குத் தாய்மாமனுமான
ஏழுமலை