கஜனின் இடத்துக்கு வந்தவன்

கிங்ஸ்பரி, ஒக்டோபர் 2007, வியாழன் இரவு

சத்தியமாகச் சொல்கிறேன், இன்று நான் எழுதப்போகும் கதையைக் கடவுள்கூட நம்பமாட்டார்.

என் தங்கச்சியின் மகன் கஜன் தொழில்முறைக் கால்பந்துக் கழகமொன்றில் ரைட் பாக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன். அதே இடத்துக்குக் கழகம் புதிதாக ஒருவனை வாங்கியிருக்கிறது. சனிக்கிழமை இருவரில் ஒருவன்தான் மைதானத்தில் இறங்குவான். தோற்றவனுக்கு அடுத்த வருட ஒப்பந்தம் சந்தேகம்.

அந்தப் புதியவனைக் கஜனே இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தான். அவன் உள்ளே வந்தபோது வெம்பிளி வரை நிலம் அதிர்ந்தது. இடியப்பத்தை இமயமலையாகக் குவித்தோம், மலையைக் காணவில்லை. போகும்போது கஜனைப் பார்த்து, "லண்டனிலேயே நல்ல கால் உன்னுடையதுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

கதவைச் சாத்தியதும் தங்கச்சி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக் கஜனுக்கு நாவூறு கழித்து அடுப்பில் போட்டாள். மிளகாய் கருகியது. ஒருவரும் இருமவில்லை. கூரையிலிருந்த புகை அலாரம்கூட வாய் திறக்கவில்லை.

"அண்ணை, நெடியே இல்லை! பொல்லாத நாவூறு."

"அலாரத்தில பற்றரி முடிஞ்சிருக்குமடி."

"நேற்றுத்தானே மாமா மாத்தினீங்கள்?" என்றான் கஜன்.

சரி, நிலம் அதிரவில்லை. மலையும் இல்லை. மிளகாய் நெடியில் நான் நன்றாகவே தும்மினேன்; நெடியில்லை என்ற பேச்சும் என் புளுகுதான். ஆனால் கஜன் மாடிப்படி ஏறும்போது வலது காலை ஊன்றாமல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "அம்மாட்டச் சொல்லாதேங்கோ மாமா, சனிக்கிழமை மட்டும் தாங்கினாக் காணும்" என்றான்.

அது மட்டும் உண்மை.