கீரியின் காலில் மஞ்சள் துணி

கொட்டாம்பட்டி
8.6.2025

அன்புள்ள செல்வி,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். நீ திருநகருக்குப் போய் நாலு மாதம் ஆகிவிட்டது. அடையில் உட்கார்ந்திருந்த உன் கருப்பியை அண்ணன் வீட்டு விருந்துக்கு அறுத்தது என் தப்புதான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோழிதானே என்று நினைத்துவிட்டேன்.

உன் சேவல் கீரி நாலு கிலோ தாண்டிவிட்டான். பெருவிடைச் சேவல் என்றால் எல்லாரும் சண்டைக்குத்தான் கேட்கிறார்கள். இவனோ எதிர்வீட்டுப் பூனைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறான். கிண்ணத்தில் கம்பு வைத்தால் தின்பதில்லை, கையில் வைத்து நீட்ட வேண்டும். அம்புட்டுச் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறாய்.

ஒரு நல்ல செய்தி. நீ வீடு திரும்பினால் கீரியைக் கருப்பசாமிக்கு அறுப்பதாக நேர்ந்து, காலில் மஞ்சள் துணியும் கட்டிவிட்டேன். வீட்டில் இருப்பதிலேயே உயர்ந்ததைக் கொடுக்கிறேன். இனி சாமி பார்த்துக்கொள்ளும்.

உன்,
தங்கப்பாண்டி


திருநகர்
13.6.2025

மாமாவுக்கு,

நலம். தையல் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. வீட்டுக்கார லலிதாம்பாள் அம்மா கொல்லையில் இரண்டு பெருவிடைப் பெட்டைகள் வளர்க்கிறேன். முதலில், "கோழியெல்லாம் வேண்டாம்மா, அசிங்கம் பண்ணும்" என்றார். இப்போது காலையில் எழுந்ததும் அவற்றிடம் சௌராஷ்ட்ர பாஷையில் பேசுகிறார். அதுகளும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நிற்கின்றன.

உங்கள் நல்ல செய்தியைப் படித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. தாய்க்கோழியை நாய் பிடித்தபோது, ஈரம் காயாத குஞ்சாக இருந்தவனை முந்தானைக்குள் பொத்தி வைத்துப் பிழைக்க வைத்தேன். அவனுக்கு அம்மா நான்தான் என்று நீங்களே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். இப்போது நான் வீட்டுப் படி ஏறினால் அவன் தலை போகும். எந்தக் காலை எடுத்து வைத்து வருவேன்?

கருப்பி போனதுகூடப் பெரிதில்லை. கேட்காமல் செய்தீர்கள், அதற்குத்தான் கிளம்பினேன். தப்பு என்று எழுதிய கடிதத்திலேயே மறுபடியும் கேட்காமல் ஒன்று செய்திருக்கிறீர்கள். நான் வருவேனா என்று கருப்பசாமியிடம் கேட்டீர்களே மாமா, என்னிடம் கேட்கவில்லையே.

வெயில் கடுமையாக இருக்கிறது. கீரிக்குத் தண்ணீரில் கொஞ்சம் மோர் கலந்து வையுங்கள். நீங்களும் குடியுங்கள்.

தமிழ்ச்செல்வி


கொட்டாம்பட்டி
22.6.2025

செல்வி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கீரிக்கு மோர் வைக்கும்போது கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

கீரியையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு, பூசாரி உக்கிரபாண்டி அண்ணனிடம் போனேன். "நேந்துவிட்டத மாத்த நாம யாரு தம்பி? பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா சாமி விட்டுக்குடுத்துருச்சுன்னு அர்த்தம்" என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டார். மூன்று முறை எடுத்தேன். மூன்றும் சிவப்பு.

அப்படியும் அங்கேயே உட்கார்ந்து துணியை அவிழ்த்துவிட்டேன். "தெய்வக் குத்தம்டா, ஒன் தலையிலதான் வந்து விடியும்" என்றார் அண்ணன். விடியட்டும் என்றேன். அந்தச் சாமியை நான் ஒரு நாளும் செருப்போடு தாண்டியதில்லை என்று உனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தைக் கீரியின் கூடையிலேயே வைக்கிறேன். நாளை நீ வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து லலிதாம்பாள் அம்மாவிடம் அவனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நேரில் வந்து நின்று உன்னை நெருக்க விருப்பமில்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் இனி அவனுக்கு ஒன்றும் ஆகாது.

இப்போது உன்னிடமே கேட்கிறேன். வாரியா செல்வி?

தங்கப்பாண்டி


திருநகர்
26.6.2025

மாமாவுக்கு,

கீரி வந்து சேர்ந்தான். "ஒங்க வீட்டுக்காரர் தண்ணிகூடக் குடிக்கல, குடுத்துட்டு ஓடிட்டார்" என்று லலிதாம்பாள் அம்மாவுக்கு உங்கள்மேல் வருத்தம்.

கூடையைத் திறந்ததும் நேராக என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். கால் மரத்துப்போகும்வரை இறங்கவில்லை. துணி கட்டியிருந்த இடம் வெளுத்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே படித்து அழுதேன்.

வேலையை விட எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கீரி இங்கேயே பெட்டைகளோடு இருக்கட்டும். அவனைக் கருப்பசாமி கண்ணில் காட்ட எனக்குப் பயமாக இருக்கிறது.

பஸ் நிற்கும் இடத்தில் இருங்கள். வீட்டுக்குப் போகும் முன் கோயிலுக்குப் போவோம். குத்தம் உங்கள் தலையில் மட்டும் ஏன் விடிய வேண்டும்? பக்கத்தில் நானும் நிற்கிறேன். பாதி எனக்கு.

உங்கள்,
செல்வி